முழங்கைக்குக் கீழே

காலையில் எழுந்ததும் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து ஹீட்டர் ராடைப் போடுவேன். அது சுடுவதற்குள் பல் தேய்த்துவிட்டுப் பாலை அடுப்பில் வைப்பேன். பால் பொங்கியதும் பாத்திரத்தை ஒரு கம்பளித் துண்டால் பிடித்து இறக்குவேன். பச்சைக் கம்பளி. ஒரு ஸ்வெட்டரின் இடது கை அது. வலது கை, காற்று வராமலிருக்க சன்னல் இடுக்கில் செருகியிருக்கிறது. ஒரு டம்ளர் டீ எனக்கு, ஒரு டம்ளர் அத்தைக்கு. ராடைப் பிடுங்கித் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பேன். குளிப்பேன். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருக்கும் தேயிலை புரோக்கர் ஆபீசுக்கு நடந்து போவேன். ஏலத்துக்கு வரும் தேயிலை சாம்பிள்களுக்கு எண் போட்டு அடுக்குவது என் வேலை.

அந்த ஸ்வெட்டரின் கைகளை வெட்டியது என் மனைவி பிரீத்தி. எஸ்டேட் தொழிலாளர்களுக்காக ஒரு டிரஸ்ட் நடத்தும் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். ஒரு வியாதிக்கு வந்து படுத்தவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே இன்னொரு வியாதி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அதற்கென்று கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து மற்ற நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். ஐப்பசி மழையில் இறந்துபோனாள். அதே ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்ட தொற்றில்.

என் அத்தை, அவளுடைய அம்மா மருதாம்பாள், அன்னூர்ப் பக்கத்திலிருந்து கருமாதிக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. நானும் எப்போது போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

பிரீத்தியின் முதல் பாடம் ஒரே வரி. முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக்கூடாது. மோதிரம், வளையல், வாட்ச், ஒன்றும் கூடாது. கோயம்புத்தூரில் அத்தோடு பாடம் முடிந்துவிடும். இங்கே ஸ்வெட்டர் என்று ஒன்று இருக்கிறது. இங்கு யாரும் ஸ்வெட்டர் இல்லாமல் வேலை செய்வதில்லை. ஸ்வெட்டர் கையின் விளிம்பு எல்லாப் படுக்கையிலும் உரசும். எல்லாப் புண்ணையும் தொடும். மழைக்காலத்தில் துவைத்துப் போட்டால் ஒரு வாரத்துக்குக் காயாது. அதனால் துவைக்கமாட்டார்கள்.

பேச்சில் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று ஒருநாள் மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்து, காலையில் ஒரே ஒரு கட்டிலின் கம்பியில் தடவி வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் மஞ்சள் வார்டு முழுக்கப் போய்விட்டது. கதவுப் பிடி, மருந்துத் தட்டு, பிரசவமாகிக் கிடந்த ஒரு பெண்ணின் போர்வை, ஒரு நர்ஸின் டிபன் பாக்ஸ் மூடி.

அன்று சாயங்காலம் அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"கூடலூர்க்காரப் புள்ளை ஒண்ணு கேக்குதுங்க, 'எந்தா சிஸ்டரே, வார்டுக்குக் கல்யாணமாணோ?'ன்னு. நானும் சிரிச்சுப்போட்டேன். அப்பறம் அவ ஸ்வெட்டர் கையத் தூக்கிக் காட்டுனேன். சுத்தி மஞ்சளு. அழுதுபோட்டா."

"எதுக்கு?"

"அவ அன்னைக்குத்தான் தீக்காய வார்டுல கட்டு மாத்திட்டு வந்திருக்கறா."

நர்சிங் சூப்பரின்டெண்ட் தபித்தாள் ஒத்துக்கொள்ளவில்லை. பணி ஓய்வுக்குப் பக்கத்தில் இருப்பவர். திருநெல்வேலிக்காரர்.

"ஏம்மா, நீ கீழ படிச்ச பாடத்த இங்க வந்து நடத்துத. மார்கழில இந்தக் குழாய்ல கைய வச்சிப் பாரு. வெரலு இருக்கா இல்லையான்னு எண்ணித்தான் பாக்கணும். அதுல இந்தப் பிள்ளைய எல்லாம் நாளைக்கு நூறு மட்டம் கை கழுவணும், ஸ்வெட்டரும் போடக்கூடாதுங்குத. நல்லாருக்கே நியாயம்!"

"அப்படின்னா நான் போட்டுக்கலைங்க சிஸ்டர்," என்று சொல்லி, பிரீத்தி அங்கேயே தன் ஸ்வெட்டரைக் கழற்றி, கட்டுத்துணி வெட்டும் கத்தரியால் இரண்டு கைகளையும் வெட்டினாளாம். வெட்டிய கைகளை வீட்டுக்குக் கொண்டு வந்தாள். "வீணாப் போகோண்டாம்," என்று ஒன்றை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த ஸ்வெட்டர் அவள் அக்கா பின்னிக் கொடுத்தது.

அதற்குப் பிறகு அவள் வார்டுக்குள் நுழைந்தால் எல்லோரும் ஸ்வெட்டர் கைகளைச் சுருட்டிக்கொள்வார்கள். அவள் தலை மறைந்ததும் இறக்கிவிட்டுக்கொள்வார்கள். அவளுக்கும் தெரியும். வீட்டில் என்னிடம், "அவுங்க மேல தப்பில்லீங்க," என்பாள். தைலம் தேய்த்துவிடும்போது அவள் முன்கை எனக்கு வேறு யாருடையதோ போல இருக்கும். அவ்வளவு சில்லிட்டிருக்கும். விரல் மடிப்புகளில் வெடிப்பு. கையைச் சுத்தம் செய்யும் ஸ்பிரிட் மருந்து அதில் பட்டால் எரியும். அந்த மருந்தும் வார்டுக்கு ஒரு பாட்டில்தான், திருட்டுப் போகிறதென்று பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள்.

அவள் கேட்டது ஒன்றுதான். வார்டில் கை கழுவும் இடத்தில் வெந்நீர் வேண்டும். ஒரு கீசர். நிர்வாக அதிகாரி குமாரசாமியிடம் கேட்டாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷமும் கேட்டாள். அவர் கை கழுவும் முறையைப் படம் படமாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஒவ்வொரு குழாய்க்கு மேலும் ஒட்டினார்.

"படம் மட்டும் நனையாம இருக்குதுங்க," என்றாள்.

ஐப்பசியில் அவளுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. அன்று பர்லியாற்றுப் பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைத்திருந்தது. அவளுடைய ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் நடந்தது. நன்றாகத்தான் நடந்தது. மருந்து ஏற்றக் கழுத்து ரத்தக்குழாயில் ஒரு லைன் போட்டார்கள். இரண்டு நர்ஸ்கள் லீவு, ஒருத்திக்குக் காய்ச்சல். இருந்தவர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

அவள் கட்டிலைச் சுற்றித் திரை இருந்தது. ஒவ்வொரு நர்ஸும் திரைக்கு வெளியே ஒரு நொடி நிற்பாள். துணி உரசும் சத்தம் கேட்கும். பிறகு முழங்கைக்கு மேலே சுருட்டிய கையோடு உள்ளே வருவாள். பிரீத்தி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள். அது ஆரம்ப நாட்களில்.

பிறகு காய்ச்சல் வந்தது. குளிர்க் காய்ச்சல். கட்டிலே ஆடும்படி நடுங்கினாள். டாக்டர் மருந்தை மாற்றினார். மறுபடியும் மாற்றினார். ரோடு திறந்ததும் கீழே கொண்டுபோகலாம் என்றார்கள்.

கொண்டுபோன அன்று விடியும் நேரத்தில் ராஜகுமாரி என்ற நர்ஸ் ஊசி போட வந்தாள். சின்ன வயது. ஒப்பந்த வேலை. முந்தின நாளிலிருந்து வீட்டுக்குப் போகாமல் டூட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திரைக்கு வெளியே நிற்கவில்லை, ஸ்வெட்டரே போட்டிருக்கவில்லை. வார்டுக் குழாயில் கை கழுவி அப்படியே வந்திருந்தாள். முழங்கை வரை ஈரம். நகக்கண் நீலமாக இருந்தது. ஊசியைப் பிடித்த விரல்கள் நடுங்கின. பிரீத்தி கண்ணைத் திறந்து அவளிடம் பேசினாள். சன்னல் பக்கம் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு அவள் என்னிடமும் பேசவில்லை, யாரிடமும் பேசவில்லை.

கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தோம். அங்கே இறந்தாள். கழுத்து லைன் வழியாக ரத்தத்தில் ஏறிய தொற்று என்றார் அங்கிருந்த டாக்டர். எப்போது ஏறியது, யார் கையிலிருந்து ஏறியது என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார்.

எங்கள் ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. வார்டு வாசல் கேமராவில் அன்று விடிகாலை ராஜகுமாரி முழுக்கை ஸ்வெட்டரோடு பிரீத்தியின் கட்டிலுக்குப் போகிறாள். அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மற்ற நாட்களின் பதிவு அழிந்துவிட்டதாம்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. தலைத்துண்டு நனைந்த ஒரு அம்மாள் நின்றாள். கையில் மஞ்சப்பை. அவளுக்குப் பின்னால் ராஜகுமாரி.

"நான் இவ தாய், தம்பி. பேச்சியம்மா. எஸ்டேட்டுல கொழுந்து எடுக்குறேன்."

"உள்ள வாங்க," என்றேன்.

"ஆருங் மாப்ளே வந்திருக்கறது, ஒறம்பறையா?" என்று கேட்டுக்கொண்டே அத்தை சமையல்கட்டிலிருந்து வந்தார். கருமாதிக்கு நர்ஸ்களோடு வந்திருந்த ராஜகுமாரியை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"ஏம் புள்ளை, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்த ஊட்டுப் படி ஏறுனே? என்ற புள்ளையக் கொண்டுபோயிச் சுடுகாட்டுல சேத்துனது பத்தலையா?"

"ஏசுங்கம்மா," என்றாள் பேச்சியம்மா. "நல்லா ஏசுங்க. ஏசி முடிச்சிட்டு ஒரு வார்த்த கேட்டுக்குங்க."

"பையில என்ன?"

"மேரக்கா, கீழ சவ்சவ்னு சொல்வாங்க. லயத்துப் பந்தல்ல காச்சது."

"ஓஹோ. காய் குடுத்தா ஆச்சா?"

"வெறுங்கையோட எப்பிடி வாறது? செத்த ஊடுன்னு பூவா கொண்டாற முடியும்?"

பேச்சியம்மா உட்காராமலே பேசினாள்.

"தம்பி, எனக்கு இந்த வருசத்தோட வேல முடியுது. வேல இல்லாட்டி எஸ்டேட்டு லயத்துல வீடு இல்ல. அதத் தெரிஞ்சுதான் இவள நர்சு படிக்க வச்சேன். கீழ இறங்கி ஒரு வாடக வீடு பாத்துக்கலாம்னு. இப்ப ஆஸ்பத்திரில என்னா சொல்றாங்கன்னா, இவ வேலையில கொற இருக்குன்னு எழுதி அனுப்பப் போறாங்களாம். எழுதிட்டா எங்கயும் எடுக்கமாட்டாங்க. வீட்டக் காப்பாத்தணும்னா இவ நாளைக்கு என்கூட ஆள் எடுக்குற பெரட்டுல வந்து நிக்கணும். பேர் போட்டு, கூடைய மாட்டிக்கிட்டு. நான் நின்ன அதே எடத்துல."

"நிக்கட்டும்," என்றார் அத்தை. "கொழுந்துக்குக் காச்ச வராதல்லோ."

ராஜகுமாரி முதல்முறையாக வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"பிரீத்தி அக்கா ஸ்வெட்டரப் போட்டுக்கச் சொல்லித்தாண்ணா போட்டேன். வெளிய போயி எடுத்துப் போட்டுட்டு வந்துதான் ஊசி போட்டேன். நீங்க சன்னல்கிட்ட நின்னீங்க. கேட்டுச்சில்ல?"

"பொய்யி!" என்றார் அத்தை. "தங்கச்சி ஆசையா போடட்டும்னு அவ அக்கா பின்னிக் குடுத்தத வெட்டுனவ அவ. அவளா சொல்லுவா? ஏனுங் மாப்ளே, நீங்க சொல்லுங்க இவளுக்கு."

"சொன்னாள் அத்தை," என்றேன்.

அடுப்பில் பச்சைப்பயறு பொங்கி வழிந்தது. யாரும் போகவில்லை.

"காச்ச மண்டைக்கேறி ஒளறியிருப்பா."

"உளறலை. தெளிவாத்தான் சொன்னாள்."

அத்தை தரையில் உட்கார்ந்தார். தணிந்த குரலில் பேசினார். எனக்கு மட்டும் சொல்வதுபோல.

"சொன்னாச் சொல்லீட்டுப் போறா. அதய நீங்க போயி ஆஸ்பத்திரிக்காரங்ககிட்டச் சொல்லோணுமாக்கும்? வர்ற வாரம் அவ பேர்ல ஹாலு தொறக்கறாங்க. கல்லுல பேரு வெட்டியாச்சு. புள்ளையா குட்டியா, என்ன இருக்குது அவளுக்கு? அந்தப் பேரு ஒண்ணுதான் மிச்சம். அவளே சட்டத்த மீறச் சொன்னான்னு நீங்க சொன்னா, அந்தக் கல்லப் பேத்துப்போட்டு, அவ செத்ததும் அவளாலதான்னு சொல்லீருவாங்க."

"எம்புள்ள பேரு மட்டும் கெடலாமாம்மா?"

"உன்ற புள்ளை உசுரோட நிக்குதல்லோ."

பேச்சியம்மா பையிலிருந்த மேரக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் வைத்தாள். பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "வாறோம் தம்பி," என்றாள்.

ராஜகுமாரியின் ஸ்வெட்டர் கைகள் முழங்கைக்கு மேலே சுருட்டியிருந்தன. வேலை போன பிறகும். படியில் மழை. பேச்சியம்மா நின்று, மகளின் கைகளை இழுத்து மணிக்கட்டு வரை இறக்கிவிட்டாள். பிறகு குடையை விரித்தாள்.

மேரக்காய்கள் அப்படியே கிடந்தன. இரண்டு நாள் அத்தை அவற்றைச் சுற்றிக்கொண்டு பெருக்கினார். அப்புறம் ஒருநாள் காலையில் எடுத்து நறுக்கிப் பருப்போடு வேகப் போட்டார்.

"பிஞ்சாத்தான் பொறுக்கியிருக்கறா," என்றார்.

விழா அன்று ஆஸ்பத்திரி ஜீப் வந்து எங்களை அழைத்துப் போனது. ஹால் வாசலில் கறுப்புக் கல்லில் பிரீத்தியின் பெயர். அத்தை முந்தானையால் அதைத் துடைத்தார். ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்று கொடுக்க ஒரு குழு வரப்போகிறது. அதற்குள் எல்லா நர்ஸ்களுக்கும் தொற்றுத் தடுப்புப் பயிற்சி கொடுத்துப் படம் எடுத்து வைக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் பேனர். பிரீத்தியின் ஸ்டுடியோ போட்டோ. அதற்குக் கீழே பெரிய எழுத்தில்: "கை கழுவுங்கள் — சகோதரி பிரீத்தியின் கடைசி வார்த்தைகள்."

"சார், இது..." என்று ஆரம்பித்தேன்.

"நல்லா வந்திருக்குல்ல?" என்றார் குமாரசாமி. கோட்டு போட்டிருந்தார். உள்ளே ஸ்வெட்டரும் தெரிந்தது. "பெங்களூர்ல அடிச்சது. நீங்க மைக்கைப் பிடிச்சு இதையே ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும் கீர்த்திவாசன். நீங்க சொன்னாத்தான் இந்தப் பொண்ணுங்களுக்கு மனசுல தைக்கும்."

நர்ஸ்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். போட்டோவுக்காக ஸ்வெட்டரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் கைகளைக் கட்டி அக்குளில் திணித்திருந்தார்கள். மேடையில் எங்கள் காலடியில் கரண்ட் கணப்பு எரிந்தது.

அத்தை பாத்ரூம் போக வேண்டும் என்றார். பக்கத்தில் வார்டுதான். போய்விட்டு வந்தபோது கைகளை முந்தானைக்குள் சுற்றியிருந்தார்.

"என்னுங் மாப்ளே இது. தண்ணி கத்தியாட்ட அறுக்குது."

"அந்தக் குழாய்தான் அத்தை."

"எது?"

"அவ கேட்டுக்கிட்டே இருந்தாள்ல. அந்தக் குழாய்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குத்துவிளக்கை அத்தை ஏற்றினார். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் ஒரு இளைஞர், நன்றாகப் பேசினார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல் என்று பாட்டுப் போட்டு ஆடிக் காட்டினார். நர்ஸ்கள் சிரித்தார்கள். பிறகு நிஜமாகவே கழுவிக் காட்ட மேஜைமேல் ஒரு எவர்சில்வர் பேசின் கொண்டுவந்து வைத்தார்கள். தண்ணீரை ஒரு ஆயா செம்பில் மொண்டு ஊற்றினாள். பயிற்சியாளர் கைகளை நீட்டினார்.

ஆவி பறந்தது.

முன்வரிசையில் சிரிப்பு நின்றது. பின்வரிசையில் ஒருத்தி மெதுவாக, "அய்யோடி, வெந்நி," என்றாள். யாரோ அவளை அதட்டினார்கள். செம்பு மறுபடி சாய்ந்தது. மறுபடி ஆவி. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் எதை எப்படித் தேய்த்தார் என்று ஒருத்திகூடப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அத்தை என் பக்கம் சாய்ந்தார். "நெசமாலுமே வெந்நியா மாப்ளே?"

"ஆமாங்க."

"எங்கிருந்து?"

"கான்டீன்ல காய்ச்சியிருப்பாங்க."

அவர் கை இன்னும் முந்தானைக்குள் இருந்தது. பின்னால் திரும்பி, பேனரில் இருந்த மகளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "அந்த மேரக்காக்காரி புள்ளைய இன்னைக்குக் கூப்புடலையாட்ட இருக்குது," என்றார்.

"வேலைல இல்லாதவங்களைக் கூப்பிடமாட்டாங்க."

"அதுஞ் செரி." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நீங்க எந்திரிங்க மாப்ளே. உங்களத்தான் கூப்புடறாங்க."

குமாரசாமி மைக்கில் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். சகோதரி பிரீத்தி மரணப் படுக்கையிலும் தன் கடமையை மறக்கவில்லை, உயிர் பிரியும் நேரத்திலும் கை கழுவுங்கள் என்றுதான் சொன்னார், அதைக் காதால் கேட்ட அவரது கணவர் இப்போது உங்களிடம் அதைச் சொல்வார் என்றார். கை தட்டினார்கள். அக்குளிலிருந்து கைகளை எடுத்ததில் சிலருக்குச் சந்தோஷம்போல் இருந்தது.

மைக்கைப் பிடித்தேன். எனக்குப் பேசிப் பழக்கமில்லை.

"அவ அப்படிச் சொல்லலைங்க," என்றேன்.

குமாரசாமி சிரித்த முகம் மாறாமல் என்னைப் பார்த்தார்.

"கை கழுவச் சொல்லவேண்டிய தேவையே இல்லை. ராஜகுமாரி சிஸ்டர் கை கழுவிட்டுத்தான் வந்தாங்க. ஸ்வெட்டர் போடலை. இங்க பக்கத்துல இருக்கற குழாய்லதான் கழுவினாங்க. ஊசி பிடிக்க முடியாம அவங்க கை நடுங்குச்சு. அதுக்கு முன்னாலயே பிரீத்திக்குக் காய்ச்சல் வந்து நாளாச்சு. டாக்டருக்குத் தெரியும்."

"கீர்த்திவாசன்," என்று குமாரசாமி எழுந்தார். "சார் ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்கார். நாம அடுத்து..."

"இருங்க சார்," என்றார் தபித்தாள் சிஸ்டர். நர்ஸ்களோடு, ஸ்வெட்டர் இல்லாமல், ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. "கடைசி வார்த்தன்னு நீங்கதான போட்டிருக்கிய. அந்தப் பிள்ள என்ன சொல்லிச்சுன்னு கேப்போம்."

பேசினில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. அத்தை தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். முந்தானைக்குள் விரல்கள் அசைந்தன.

"பிரீத்தி அவங்க கையப் பிடிச்சுப் பார்த்தா," என்றேன். "பிடிச்சுக்கிட்டே சொன்னா. சொன்னபடியே சொல்றேன்.

'ஸ்வெட்டரப் போட்டுக்க கண்ணு. வெந்நி வரட்டும், அப்பறமாக் கழட்டிக்கலாம்.'"